இணைகின்ற வலைகளும் இணையாத லயங்களும்

கம்பி வழியாக வரும் இணையமும் காற்று வழியாக வரும் இணையமும் இனி இரண்டல்ல, ஒன்றே என்று உலகத்துத் தொலைத்தொடர்பு வல்லுநர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அந்த முடிவு பதுளைக்கு ஏறிவரும் மலைப்பாதையின் எந்தத் திருப்பத்தில் நின்றுவிடப் போகிறது என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

இலக்கிய ஏடொன்றில் இதைப் பேசுவானேன் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மனிதன் மனிதனோடு பேசும் வழியை யார் அமைக்கிறார், யாருக்காக அமைக்கிறார் என்ற கேள்வி இலக்கியத்திற்குப் புறம்பானதென்றால், இலக்கியம் பேசுவதற்கு வேறென்ன எஞ்சியிருக்கிறது? தொழில்நுட்பம் நிபுணரின் தனிச் சொத்து என்று சொல்லிச் சொல்லியே மக்களின் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டை முதலில் உடைத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். வீட்டிற்குக் கம்பி இழுத்து இணையம் தருவோர் ஒரு முகாம். கோபுரம் நட்டுக் கைத்தொலைபேசிக்கு இணையம் தருவோர் மற்றொரு முகாம். முதலாவது முகாமின் நியமங்களை 1994இல் தோன்றி, இன்று அகலப்பட்டை மன்றம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு வகுக்கிறது. இரண்டாவதன் நியமங்களை 1998இல் தோன்றிய மூன்றாந் தலைமுறைக் கூட்டுத் திட்டம், அதாவது 3ஜிபிபி, வகுக்கிறது. கால் நூற்றாண்டுக் காலம் இவ்விரு முகாம்களும் தனித்தனிச் சுவர் எழுப்பி வாழ்ந்தன. வாடிக்கையாளரை அடையாளங்காணும் முறை வேறு. கணக்கெழுதும் பேரேடு வேறு. நடுவிலே நின்று எல்லாவற்றையும் ஆளும் மூளை போன்ற மைய வலையும் வேறு.

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 3ஜிபிபி தனது 16ஆம் வெளியீட்டை நிறைவு செய்தபோது இந்தச் சுவரில் வாயில் திறந்தது. ஐந்தாந் தலைமுறையின் மைய வலை ஒன்றே போதும். வீட்டிலுள்ள வாயிற்கருவி ஒளியிழை வழியாக வந்தாலென்ன, வானலை வழியாக வந்தாலென்ன, அதே மையம் அதனை வரவேற்கும் என்று வகுத்தார்கள். பழைய கம்பி வலைக்கும் புதிய மையத்திற்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் அணுகுவாயிலின் இலக்கணத்தை அகலப்பட்டை மன்றம் எழுதியது. அதே வெளியீட்டில் இன்னொரு வித்தையும் சேர்ந்தது: ஒரே உரையாடலை இரண்டு பாதைகளிலும் பங்கிட்டு அனுப்பலாம், ஒரு பாதை அறுந்தால் மற்றதற்கு மாற்றலாம், நடுவிலே பேச்சு துண்டிக்கப்படாது.

நல்ல காரியந்தான். நாம் இதற்கு எதிரிகளல்லர். நியமம் ஒன்றாகாதபோது என்ன நேரும் என்பதை மலைநாட்டார் அறியாதவர்களல்லர். 1924இல் பதுளையை வந்தடைந்த பிரதான இருப்புப்பாதையின் அகலம் ஐந்தரை அடி. நானுஓயாவில் அதிலிருந்து பிரிந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற உடப்புசல்லாவைப் பாதையின் அகலமோ இரண்டரை அடி. ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. ஆகவே தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றும் நானுஓயாவில் இறங்கி மீண்டும் ஏற வேண்டியிருந்தது. அந்தச் சிறுபாதை 1940களில் மூடப்பட்டுத் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. இரண்டு அளவுகோல்களின் இடைவெளியை எப்போதும் நிரப்புவது உழைப்பாளியின் தோள்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே இணைப்பு வேண்டும். பொது நியமமும் வேண்டும். ஆனால், நியமம் என்பது நடுநிலையான பொருள், அது இயற்கை விதியைப் போல யாருக்கும் பொதுவானது என்று ஒரு மாயையைப் பரப்புகிறார்களே, அதைத்தான் நாம் மறுக்கிறோம். ஒவ்வொரு நியமத்திற்குள்ளும் ஒரு மனிதனின் உருவம் ஒளிந்திருக்கிறது. அவன் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறான், அவன் வாசலுக்கு யார் பொறுப்பு, அவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்ற ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன. கம்பி வழி வாடிக்கையாளனைப் புதிய நியமம் எப்படி அடையாளங்காண்கிறது? அவனுடைய 'லைன்' அடையாளத்தைக் கொண்டு. அதாவது, அவன் வீட்டிற்குச் செல்லும் கம்பியே அவனுடைய பெயர்.

இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலத் துரை மலைச்சரிவில் வரிசையாகக் கட்டிவைத்த அறைகளுக்கும் 'லைன்' என்றுதான் பெயர் சூட்டினான். நம் மக்களின் வாயில் அது லயமாயிற்று. நூற்றாண்டு கடந்தும் பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலவிலும் பூனாகலையிலும் தொழிலாளர் குடும்பங்கள் பல அந்த லைனிலேதான் வாழ்கின்றன. ஆயினும் லைனில் வாழ்பவனுக்கு லைன் இல்லை. லைன் இல்லாதவனுக்கு அந்த ஏட்டில் பெயர் இல்லை! உலகத்தின் அறிவாளிகள் கூடி எழுதிய நியமத்தில் இந்த மனிதனுக்கு ஒரு வரி உண்டா?

அவனுக்கு லைன் ஏன் இல்லை? மலை உயரம், செலவு அதிகம் என்பார்கள். மலை உயரந்தான், ஆனால் துரையின் பங்களாவுக்கு அந்த உயரம் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. உண்மைக் காரணம் வேறு. இணைப்புக்கான விண்ணப்பத்தின் முதற் கேள்வி முகவரி. லய அறைக்கு முகவரி ஏது? தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அதற்குமேல் ஒன்றுமில்லை. தொழிலாளிக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் கையால் கைமாறி, வந்தபோது வரும் என்ற நிலை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்தபின் வந்து சேர்ந்த கதையை எந்தத் தோட்டத்து இளைஞனிடமும் கேட்டறியலாம்.

முகவரிக்குப் பின்னால் நிலம் நிற்கிறது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அரசினுடையது, ஆட்சி கம்பனியினுடையது, அதில் ஐந்து தலைமுறை உழைத்தவனுக்கோ அவன் குடியிருக்கும் அறைகூடச் சொந்தமில்லை. தேயிலை மலையினூடே ஒரு கம்பம் நடவேண்டுமானால் அவனைக் கேட்பதில்லை, கம்பனியைத்தான் கேட்கிறார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்து மக்களின் வாக்கைப் பெற்றுக்கொண்டு, அதே தோட்டத்திற்குள் சபையின் பணத்தைச் செலவிடக் கதவடைத்ததே! அந்தக் கதவைத் திறக்கும் திருத்தம் 2018இல்தான் வந்தது. அரசாங்கம் 2020ஆம் ஆண்டின் இறுதியில் இரத்தினபுரி மாவட்டத்தில் தொடக்கிவைத்த தொலைத்தொடர்புத் திட்டத்தின் பெயர் 'கிராமத்திற்குத் தொடர்பாடல்' என்று பொருள்படும். நல்ல பெயர். ஆனால் இந்நாட்டில் தோட்டம் எப்போது கிராமமாகக் கருதப்பட்டது?

இணைப்பின்மை என்ன விலை கேட்கும் என்பதைக் கொரோனாக் காலம் காட்டிற்று. 2020இலும் 2021இலும் பள்ளிக் கதவுகள் மூடின. பாடம் இணையத்திற்குக் குடிபெயர்ந்தது. ஊவாவின் போஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசையைத் தேடிக் காட்டுவழி நடந்து மலைப்பாறைமேல் ஏறிப் பாடம் பெற்ற செய்தியை 2021இல் உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. தேயிலை மலையின் உச்சிக்கு ஒரே கைத்தொலைபேசியோடு ஏறிய நமது பிள்ளைகளின் நிலையும் அதுவே. சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் தமிழ்த் தோட்டத்துப் பிள்ளையும் வெவ்வேறு குன்றுகளில் ஏறினார்கள். ஏற்றிவிட்ட வறுமை ஒன்றே. இதை இனக் கேள்வியாகக் குறுக்குவோர் இருசாராரையும் ஏமாற்றுவோர் என்பதை நாம் உரத்துச் சொல்வோம்.

இனி, நமக்கு மறுமொழி கூற வருவோரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"கம்பி வராவிட்டால் என்ன? இரண்டும் ஒன்றாகும்போது வானலையே வீட்டு இணைப்பாகிவிடும். சந்தை தானாகவே தீர்வு தரும்" என்பது முதல் வாதம். வானலை மலையைத் துளைத்துச் செல்லும் மந்திரமன்று. ஐந்தாந் தலைமுறைக்கு உலகம் பெரிதும் நம்பியிருக்கும் உயர் அலைவரிசைகள் குறுகிய தூரமே செல்லும். பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் நிழல் விழுந்த லயத்திற்கு அவை எட்டா. எட்டினாலும் கருங்கற் சுவரும் தகரக் கூரையும் அவற்றைத் தடுக்கும். மக்கள்தொகையில் இத்தனை வீதத்திற்கு அலைவரிசை உண்டு என்று அறிக்கைகள் பெருமை பேசுகின்றன. எங்கே நின்று அளந்தார்கள்? பெருந்தெருவிலா, லய அறையின் உள்ளேயா? கோபுரத்தின் இடத்தைத் தீர்மானிப்பது வருமானம்; மக்களின் தேவை அன்று. சந்தை தானாகவே லயத்திற்கு எதையேனும் கொண்டுவந்ததென்றால், அது கடன்மட்டுமே. 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் வானத்திலிருந்து எங்கும் எட்டும் என்பதும் உண்மை. ஆனால் அதன் கருவியை வாங்கத் தோட்டத் தொழிலாளி மாதங்கள் சிலவற்றின் கூலியை உண்ணாமல் உடுக்காமல் எடுத்துவைக்க வேண்டும்.

"ஒன்றானால் உறுதி பெருகும், ஒரு பாதை அறுந்தால் மற்றது காக்கும்" என்பது இரண்டாவது வாதம். நியமத்தின் தாளில் இது உண்மை. ஊவாவின் மண்ணில்? இங்கே வீதியும் ஒளியிழையும் ஒரே மலைவிளிம்பைப் பற்றிக்கொண்டு செல்கின்றன. வானலைக் கோபுரம் தனக்குரிய இணைப்பைப் பெறுவதும் பெரும்பாலும் அதே இழையிலிருந்து என்றால், இரண்டு பாதைகள் என்ற பேச்சு வெறும் பெயரளவே. ஒரே மையம், ஒரே இழை, ஒரே மின்சாரம் என்று எல்லாவற்றையும் ஒருமுடிச்சில் கட்டினால், முடிச்சு அவிழும்போது எல்லாமே அவிழும். 2018 நவம்பரில் தென்கொரியத் தலைநகர் சியோலில் கேடி நிறுவனத்தின் அஹ்யொன் நிலையக் கட்டடத்தில் தீப்பிடித்தது. கைத்தொலைபேசி, வீட்டு இணையம், தொலைக்காட்சி, கடைகளில் அட்டைவழிப் பணக்கொடுப்பனவு ஆகிய அத்தனையும் நகரின் ஒரு பகுதியில் ஒருசேர ஊமையாயின. உலகின் முன்னணி வலைநாட்டிற்கே அந்தக் கதி. இத்தகைய வேளைகளை எண்ணியே 3ஜிபிபி தனது 17ஆம் வெளியீட்டில் அனர்த்தகால அலைவுரிமை என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது: ஒரு நிறுவனத்தின் வலை வீழ்ந்தால் அதன் வாடிக்கையாளரை இன்னொரு நிறுவனத்தின் வலை தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும். நியமம் வழிகாட்டுகிறது, அதைக் கட்டாயமாக்க வேண்டியது அரசு.

2025 நவம்பரின் கடைசி நாட்களில் டித்வா சூறாவளி இந்நாட்டைப் புரட்டியபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. உயிர்கள் போயின, வீதிகள் அறுந்தன, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. தூரத்தில் வேலை செய்த மகனும் மகளும் பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்றறிய முடியாமல் நாட்களைக் கழித்தார்கள். தமிழில் எச்சரிக்கை உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. பேச்சுத் துண்டிக்கப்படாத வித்தை 2020இலேயே எழுதி முடிக்கப்பட்ட உலகத்தில், 2025இல் ஒரு தாயின் குரல் மலைக்கப்பால் செல்லவில்லை. இதற்கு நாம் மழையைமட்டும் குற்றஞ்சாட்டுவதா?

மூன்றாவது வாதம் நமது முகாமிலிருந்தே வருகிறது. "முதலில் கூலி, முதலில் காணி. வயிற்றுக்கில்லாதவனுக்கு இணையம் எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களின் கோபத்தை நாம் மதிக்கிறோம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கூலியைப் பெறவே 2021வரை போராட வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை விழுங்கியதையும் நாம் மறந்தோமில்லை. அங்கே எச்சரிக்கை இல்லாமலில்லை. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறியிருந்தது. இல்லாதிருந்தது போவதற்கொரு நிலம். எச்சரிக்கை எவ்வளவு விரைவாக வந்தாலும், ஓடிச்சென்று நிற்க இடமில்லாதவனை அது காப்பாற்றாது. ஆகவே இணைப்பு நிலத்திற்கு மாற்று என்று நாம் ஒருபோதும் கூறமாட்டோம். அப்படிக் கூறுபவன் ஏமாற்றுக்காரன்.

ஆனால், இந்தத் தோழர்களை நாம் ஒன்று கேட்கிறோம். 2022இல் எரிபொருள் பெறுவதற்கே கியூ.ஆர். குறியீடு வேண்டியிருந்தது. பரீட்சை முடிவு, வேலை விண்ணப்பம், வெளிநாட்டில் உழைக்கும் தாயின் முகம் ஆகிய அனைத்தும் இன்று அந்தச் சிறிய கண்ணாடித் திரை வழியாகவே வருகின்றன. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவைக் கணக்கிடும்போதெல்லாம் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டமே கடைசியில் நிற்கிறது. கூலிக்காகப் போராடும் சங்கம், பேரம் பேசத் தேவையான கணக்கை எங்கிருந்து எடுக்கும்? காணி உறுதிக்காக அலைபவன் வர்த்தமானியை எங்கே படிப்பான்? கூலியும் காணியும் கல்வியும் தொடர்பும் ஒரே கோரிக்கையின் நான்கு முகங்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஒத்திவைப்பது முதலாளிக்குப் பிடித்தமான தந்திரம். அதை நாமே கையாளலாகாது.

கடைசி வாதம், கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வாதம்: "சிறிய நாடு நாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீனாவிலும் எழுதப்படும் நியமத்தை நம்மால் மாற்ற முடியுமா?" முடியும் என்பதற்குப் பாக்குநீரிணைக்கு அப்பால் சான்றுண்டு. ஐந்தாந் தலைமுறையின் தேவைகளைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தபோது, கிராமப்புறத்திற்கென எழுதியவை பணக்கார நாட்டின் கிராமத்தைக் கண்முன் வைத்தே எழுதப்பட்டன. எமது கிராமத்தில் மக்கள் விரைந்தோடும் காரில் செல்வதில்லை, நடந்து செல்கிறார்கள், கோபுரத்திற்கும் கோபுரத்திற்கும் இடையே 6 கிலோமீற்றர் இருக்கும், அந்தத் தூரத்தில் சேவை கிடைக்கிறதா என்று சோதியுங்கள் என்று இந்தியா வாதாடியது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஆய்வாளர்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். 2017இல் ஒன்றியம் அச்சோதனையைச் சேர்த்துக்கொண்டது. அதற்கெனத் தனியே எழுந்த இந்திய நியமம் இறுதியில் 3ஜிபிபியின் பொது நியமத்தோடு இணைக்கப்பட்டது. தனி நியமம் நாட்டைத் தனிமைப்படுத்தும் என்ற எதிர்ப்பு அங்கேயும் எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. நமக்கு வேண்டியதும் தனி நியமமன்று. பொது நியமத்திற்குள் நமது லயத்திற்கொரு வரி.

அதைக் கேட்க நமக்கு வாயில்லையா? சர்வதேச ஒன்றியத்தில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதன் 1996ஆம், 2024ஆம் ஆண்டுத் திருத்தங்களும், ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன. மறுபுறத்தில் நிறுவனங்கள் தமக்குள் எப்போதோ ஒன்றுசேரத் தொடங்கிவிட்டன. 2018இல் ஹட்ச், எடிசலாட்டை வாங்கியது. 2021இல் ஸ்ரீலங்கா டெலிகொமும் மொபிடெலும் ஒரே பெயரின்கீழ் வந்தன. 2024இல் டயலொக், எயர்டெலை வாங்கியது. மூலதனம் ஒன்றுசேர்வதற்கு எந்த மலையும் குறுக்கே நிற்கவில்லை. மக்களுக்குச் சேவை ஒன்றுசேர்வதற்குமட்டும் மலை குறுக்கே நிற்கிறதாம்!

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம். முதலாவது, சேவை எட்டுகிறது என்பதன் பொருள் மாற வேண்டும்: தெருவில் நின்று அளக்காமல், லய அறையின் உள்ளே, கதவை மூடி அளக்க வேண்டும், தோட்டம் தோட்டமாக அந்தக் கணக்கை வெளியிட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு லய அறைக்கும் புதுவீட்டிற்கும் தனி முகவரி வேண்டும்; இணைப்புப் பெறத் தோட்ட நிர்வாகத்தின் தயவு தேவைப்படலாகாது. மூன்றாவது, கம்பமும் கோபுரமும் ஒளியிழையும் தோட்ட நிலத்தில் செல்வதற்கான உரிமை, மக்களின் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். ஒருவர் நட்ட கோபுரத்தை மற்றவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான்காவது, மண்சரிவு அபாயமுள்ள பிரதேசங்களில் கோபுரத்திற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பாதைகளும், மின்சாரம் நின்றபின்னும் இயங்கும் கலமும், அனர்த்தகால அலைவுரிமையும் உரிமப்பத்திரத்தின் நிபந்தனைகளாக வேண்டும். ஐந்தாவது, எச்சரிக்கை சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வர வேண்டும்.

இவற்றில் எதுவும் விஞ்ஞானத்தால் இயலாததன்று. வித்தை எழுதப்பட்டுவிட்டது, கருவி செய்யப்பட்டுவிட்டது. இல்லாதது எண்ணமொன்றே. அந்த எண்ணத்தை உண்டாக்குவது யார்? பதுளையின் ஆசிரியர்கள், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், தோட்டந்தோறும் கிளை வைத்திருக்கும் தொழிற்சங்கங்கள் ஆகியோரை நாம் அழைக்கிறோம். ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கும்போது நிறுவனங்களின் வழக்கறிஞர்கள்மட்டுமா வரவேண்டும்? லயத்தில் எங்கே அலைவரிசை எட்டுகிறது, எங்கே எட்டவில்லை என்பதைப் பிள்ளைகளே அளந்து வரைபடமாக்கலாம். மலையுச்சிக்கு ஏறிப் பாடம் படித்த கால்களுக்கு அந்த வழிகள் அத்தனையும் தெரியும்.

இந்த மலைகளை வெட்டித் திருத்தி, தேயிலையை நட்டு, இருப்புப்பாதைக்குச் சரக்கைச் சுமந்து கொடுத்து, இந்நாட்டை உலகச் சந்தையோடு இணைத்தவர்கள் இம்மக்கள். உலகத்தோடு நாட்டை இணைத்தவனை உலகத்திலிருந்து துண்டித்து வைத்திருப்பது எந்த நியமத்தில் எழுதப்பட்டிருக்கிறது? எழுதப்பட்டிருந்தால் அதைத் திருத்துவோம். எழுதப்படாதிருந்தால், எழுத வேண்டியதை நாமே எழுதுவோம்.